ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளுக்கு எந்த வீடு? கோவைக் குடியிருப்பு, சென்னை ஃப்ளாட், பெங்களூரு பிள்ளை வீடு: ஓர் ஒப்பீடு

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் போனால், ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளின் பலகைகளைப் பார்க்கலாம். விளம்பரத் தாளைப் பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரே படங்கள்தான்: யோகா கூடம், நூலகம், சின்னக் கோயில், நடைபாதை, கேரம் போர்டைச் சுற்றிச் சிரிக்கும் நாலு பேர். வீட்டில் பேச்சு எழும்போது இதற்கு எதிராக இரண்டு யோசனைகள் வந்து நிற்கும். சென்னையில் முப்பது வருஷமாக இருக்கும் ஃப்ளாட்டிலேயே தொடர்வது ஒன்று. பெங்களூரில் இருக்கும் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துகொள்வது மற்றொன்று.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், மாதம் எவ்வளவு ஆகும் என்ற கணக்கை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். பேச்சுத்துணை மட்டும் "அங்கே ஆள் இருக்கும்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான ஓர் அலசலில், உறவும் நட்பும் பலமாக உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆகவே இங்கே அந்த ஒரு வரியை மட்டும் விரித்துப் பார்க்கிறோம். பணமும் மருத்துவமும் குறுக்கே வரும் இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்வோம்.

அளவுகோல் எது? 68 வயதில் கணவனும் மனைவியும் ஆரோக்கியமாக இருந்தால் எந்த இடமும் நல்ல இடம்தான். சண்டை போடவாவது எதிரில் ஆள் இருக்கிறது. இடத்தின் குணம் தெரிவது ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளில். நம் குடும்பங்களில் மனைவி பெரும்பாலும் கணவனைவிட வயதில் இளையவர். பெண்களின் ஆயுளும் சற்று அதிகம். எனவே மிஞ்சுவது பெரும்பாலும் அம்மாதான். அவருக்கு அப்போது 76 வயது இருக்கலாம். முழங்கால் வலி, வண்டி ஓட்டத் தெரியாது, பேங்க் வேலையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டது. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, யாரும் ஏற்பாடு செய்யாமலே, அவர் யாரோடு பேசிக்கொண்டிருப்பார்? மூன்று இடங்களிடமும் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

பேச்சுத்துணையின் மணிக்கணக்கு

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால், ஊர் மாறியவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதன்படி, முகப்பழக்கம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம் ஒன்றாகக் கழிக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி. நெருங்கிய நண்பர் ஆக 200 மணிக்கு மேல். அவர் பார்த்தது முதியவர்களை அல்ல, அதனால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் மூன்று இடங்களையும் ஒரே தராசில் வைக்க இது உதவுகிறது.

குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளையும் அதே மேசையில் அரை அரை மணி உட்கார்ந்தால் நாளைக்கு ஒன்றரை மணி. 50 மணியை எட்ட ஐந்து வாரம் போதும்; 200 மணிக்கு நாலரை மாதம். அதே ஆள் காலை டிபனுக்கு மட்டும் கூடத்துக்கு வந்து, மதியமும் ராத்திரியும் கேரியரில் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டால், 200 மணி சேர 400 நாள். சென்னையில் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பஜனை மண்டலியில் புதிதாக ஒருவரோடு பழகினால் ஏறக்குறைய இரண்டு வருஷம். பெங்களூரு அடுக்குமாடிப் பூங்காவில் வாரம் ஐந்து மாலை, முக்கால் மணி வீதம் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு வருஷம். ஆனால் ஆறு மாதத்தில் பெரியவன் வீட்டிலிருந்து சின்னவன் வீட்டுக்குப் பெட்டி கட்டினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

புது நட்பை உண்டாக்கும் வேகத்தில் குடியிருப்புக்கு நிகர் கிடையாது. பழைய நட்பை வைத்துக் காப்பாற்றுவதில் சென்னை ஃப்ளாட்டுக்கு நிகர் கிடையாது. பிள்ளை வீடு இரண்டிலும் பின்தங்கும். அது தருவது வேறு ஒன்று.

கோவைக் குடியிருப்பு: எல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில்

1960 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் திறந்த சன் சிட்டி, ஓய்வுபெற்றவர்களுக்கான நகரம் என்ற யோசனையை உலகம் முழுக்கப் பரப்பியது. அங்கே ஆட்களைச் சேர்த்தது கோல்ஃப் திடல். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது சாப்பாட்டு மணி. டிபன், சாப்பாடு, நாலு மணி காப்பி, ராத்திரி ஏழு மணிக்கே பலகாரம். இந்த நாலு மணியடிப்பும் இல்லையென்றால் அந்த இடம் வயதானவர்கள் குடியிருக்கும் இன்னொரு லேஅவுட், அவ்வளவுதான். கிளப் ஹவுஸின் அளவைப் பார்த்து மயங்காமல், கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் எத்தனை பேர், கேரியர் எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று சமையலறையில் கேளுங்கள். மேலாளரைவிடப் பரிமாறுபவர் சரியான பதில் சொல்வார். பாதிக்கு மேல் கேரியரில் போகிறது என்றால், அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கூட்டம் இல்லை.

அடுத்தது பூட்டிய வீடுகள். முதலீடாக வாங்கிப் போட்டவர்கள், இன்னும் வெளிநாட்டில் இருப்பவர்கள், "அறுபத்தைந்து ஆகட்டும், வருகிறோம்" என்பவர்கள். எல்லா வீடும் விற்றாகிவிட்டது என்று விற்பனை அலுவலகம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். குடியிருப்பது பாதியாக இருக்கும். ராத்திரி ஏழரைக்கு ஒரு சுற்று நடந்து, விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணினால் விஷயம் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் பூட்டிய வில்லாவுக்கு நடுவே ஒரு வீட்டில் தனியாக இருப்பது, ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருப்பதற்குச் சமம்.

எந்த வீடு என்பதும் சின்ன விஷயமில்லை. 1950-இல் வெளியான உளவியலாளர் ஃபெஸ்டிங்கர் குழுவின் ஆய்வு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடும்பங்களின் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று பார்த்தது. அடுத்த வீட்டுக்காரர்தான் நண்பர் ஆகியிருந்தார். மாடிப்படி அடியிலும் தபால்பெட்டிக்கு அருகிலும் இருந்தவர்களுக்கு மாடி வீட்டாரோடும் பழக்கம் இருந்தது. தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்த ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு நட்பு குறைவு. நம் ஆட்கள் குடியிருப்பில் முதலில் கேட்பதோ "ஓரமா, அமைதியா, மலை தெரியுற மாதிரி" ஒரு வீடு. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மாதம் அழகாக இருக்கும். கூடத்துக்கு நூறு மீட்டருக்குள், கூரை போட்ட பாதையில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு பத்து வருஷத்துக்கு உதவும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் தூறலும் வரும் ஜூன், ஜூலையில், குடையும் கைத்தடியும் சேர்த்துப் பிடிக்க முடியாதவர்கள் கேரியருக்கு மாறுவார்கள். மழை நின்ற பிறகும் பலர் கூடத்துக்குத் திரும்புவதில்லை. நடை குறையும், பசி குறையும், பிறகு பேச்சும் குறையும்.

கூடத்துக்குள்ளும் ஒரு வரைபடம் உண்டு. மேசைகளுக்குப் பெயர் எழுதியிருக்காது, ஆனால் யார் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். பாலக்காட்டுத் தமிழர் மேசை, ரிட்டயரான பேங்க்காரர் மேசை, தெலுங்கு பேசுபவர்கள், மும்பையிலும் டெல்லியிலும் வேலை பார்த்துவிட்டு வந்து இந்தி கலந்து பேசுபவர்கள். சாதி என்னவென்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். பூண்டு வெங்காயம் பற்றிய பேச்சிலேயே கேட்டு முடித்திருப்பார்கள். பல குடியிருப்புகளில் பொதுச் சமையல் சைவம் மட்டும். வீட்டுக்குள்ளும் மீன், முட்டை கூடாது என்ற விதி சில இடங்களில் உண்டு. இது எழுத்தில் இருக்கிறதா, வெறும் வழக்கமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அறுபது வருஷம் மீன் குழம்பு வைத்த வீட்டிலிருந்து வருபவருக்கு இது நாக்குப் பிரச்சினையோடு நிற்காது. யாரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம் என்பதும் இதில்தான் இருக்கிறது.

காது இன்னொரு பெரிய காரணம். 60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு காது மந்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், எவர்சில்வர் தட்டு, நூறு பேர் குரல் எல்லாம் சேர்ந்தால் கூடம் ஒரு கிணறு மாதிரி எதிரொலிக்கும். பாதிதான் கேட்கிறது என்பதால் தப்பாகப் பதில் சொல்லி, அதற்கு ஒருவர் சிரித்து, மறுநாளிலிருந்து அவர் வீட்டிலேயே சாப்பிடுவார். "அவர் ஆள் ஒட்டமாட்டார்" என்று பெயர் வந்துவிடும். குடிபோகும் முன்பே காது பரிசோதனை செய்து, கருவி வேண்டுமென்றால் ஒரு மாதமாவது போட்டுப் பழகிவிட்டுப் போவது நல்லது. எட்டுப் பேர் மேசையை விட நாலு பேர் மேசை, சுவருக்கு முதுகு காட்டிய நாற்காலி, கூட்டம் சேரும் முன் முதல் பந்தி. இந்த மூன்றும் காசு செலவில்லாத வைத்தியம்.

தனியாக இருக்கும் பெண்கள் இந்த இடங்களில் என்ன ஆகிறார்கள்? ஒப்பீட்டளவில் நன்றாகவே இருக்கிறார்கள். அவர்களைப் போல இன்னும் பலர் அங்கே இருப்பதே காரணம். சென்னைத் தெருவில் கணவனை இழந்தவர் ஒரு விசேஷத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிற இடத்தில், இங்கே நவராத்திரிக் கொலுவை அவர்களே முன்னின்று வைப்பதைப் பார்க்கலாம். தனித்த ஆண்கள்தான் தடுமாறுகிறார்கள். மனைவி வழியாகவே நாலு வீட்டோடு பழகியவர், அவர் போன பிறகு யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். ரம்மிக் கூட்டம் ஒன்று இருந்தால் அது அவருக்கு மருந்து.

ஒரு சிக்கலை எந்த விளம்பரமும் சொல்லாது. ஒரே சமயத்தில் குடிவந்தவர்கள் ஒரே சமயத்தில் முதிர்கிறார்கள். திறந்தபோது 66 வயதுக்காரர்களால் நிரம்பி, நாடகம் போட்டு, கொடைக்கானல் சுற்றுலா போன இடம், பன்னிரண்டு வருஷத்தில் 78 வயதுக்காரர்களின் இடம் ஆகிவிடும். நிகழ்ச்சிகள் குறையும், ஆம்புலன்ஸ் சத்தம் கூடும். மறுவிற்பனையும் வாடகையும் தாராளமாக நடக்கும் குடியிருப்பில் இளையவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கடந்த இரண்டு வருஷத்தில் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது என்று கேட்டால் பத்து வருஷம் கழித்து என்ன நிலை என்பது ஓரளவு தெரியும். நேற்றுத்தான் திறந்த பளபளப்பான இடத்தைவிட, எட்டு வருஷம் ஓடி, வயது கலந்து நிற்கும் இடமே மேல்.

அசோசியேஷன் சண்டை எங்கும் உண்டு. மெயின்டனன்ஸ் உயர்வு, சாம்பாரில் காரம், தெருநாய்க்குச் சோறு போடுவது, பிள்ளையார் சதுர்த்தி வசூல். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். சண்டை போட ஆள் இருக்கும் இடம் உயிரோடிருக்கும் இடம். இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு வாட்ஸ்அப் குழு, இரண்டு பொங்கல் விழா நடத்தும் இடத்தைத்தான் தவிர்க்க வேண்டும்.

சென்னை ஃப்ளாட்: பழைய கையிருப்பு

இங்கே புது நட்புக்கு மணி எண்ண வேண்டாம். முப்பது வருஷத்து மணிகள் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. கீரைக்காரம்மா, மருந்துக்கடைப் பையன், நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்குச் சுற்றுபவர்கள், கோயில் குருக்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் இந்த மேலோட்டமான பழக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஊரை விட்டுப் போனவர்கள் முதலில் ஏங்குவது இதற்குத்தான், நெருங்கிய நண்பருக்கு அல்ல. நண்பரோடு போனில் பேசலாம், கீரைக்காரம்மாவோடு முடியாது.

போக்குவரத்திலும் பெருநகரத்துக்கு அனுகூலம் உண்டு. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சென்னையில் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். கபாலீஸ்வரர் கோயிலுக்கும் டிசம்பர் கச்சேரிக்கும் பிள்ளையிடம் பணம் கேட்காமல், டிரைவருக்குக் காத்திருக்காமல் போய்வரலாம். கோவைப் புறநகரிலும் பெண்களுக்கான அதே பேருந்துச் சலுகை உண்டு, ஆனால் வாசலில் பஸ் வர வேண்டுமே. அங்கே நம்ப வேண்டியது குடியிருப்பின் வேனைத்தான். அது வாரம் எத்தனை நாள், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதே உங்கள் சுதந்திரத்தின் அளவு.

ஆனால் கையிருப்பு கரையும். உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: நடந்தோ ஒரு ஆட்டோவிலோ எட்டும் தூரத்தில், கடந்த 30 நாளில் நேரில் சந்தித்து பத்து நிமிஷமாவது பேசிய ஆட்கள் யார் யார்? உறவினர், வேலைக்கு வரும் அம்மா இருவரையும் தனியாகக் குறியுங்கள். பலருக்கு இந்தப் பட்டியல் நினைத்ததில் பாதிதான் வரும். ஒருவர் பெண்ணோடு அமெரிக்கா போய்விட்டார், ஒருவர் படுக்கையில், ஒருவர் வீட்டைப் பில்டருக்குக் கொடுத்துவிட்டு வேறு ஏரியாவில் வாடகைக்கு. எட்டுப் பெயருக்கு மேல் இருந்தால் சென்னையை விட்டு நகர வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மூன்றோ நாலோ என்றால், "இங்கே எல்லாரையும் தெரியும்" என்பது பத்து வருஷத்துக்கு முந்தைய உண்மை.

கட்டடமும் துரோகம் செய்யும். 1980-களில் கட்டிய பல ஃப்ளாட்டுகள் தரையும் மூன்று மாடியும், லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் இருப்பவருக்கு 76 வயதில் நாலு மணி அரட்டை என்பது முப்பத்தைந்து நாற்பது படி இறங்கி ஏறும் வேலை. முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஆகும், பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால், இரண்டு மூன்று வருஷம் அத்தனை பேரும் நாலா திசையில் சிதறுவார்கள். திரும்பி வரும்போது பாதி முகம் புதிது. அதே தெருவில் லிஃப்ட் உள்ள கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு மாறுவது, ஊரை மாற்றுவதைவிடச் சின்ன வேலை. ஆனால் சொந்த வீடு இருக்க வாடகை வீடா என்று கௌரவம் பார்த்து இதை யாரும் யோசிப்பதே இல்லை.

பெங்களூரு பிள்ளை வீடு

பிள்ளை வீடு தருவது உறவை, வேலையை, ஒரு நாளின் ஒழுங்கை. பேரனைப் பள்ளி பஸ் ஏற்றுவது, மூன்றரைக்கு இறக்குவது, அவனுக்குத் தோசை. பேருந்துக்காகக் காத்திருக்கும் பத்து நிமிஷத்தில் மற்ற தாத்தா பாட்டிகளோடு நல்ல பழக்கம் உண்டாகும். அடுக்குமாடியில் சீனியர் சிட்டிசன் குழுவும் இருக்கும். ஆனால் இதற்கெல்லாம் காலக்கெடு உண்டு. பேரனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவனே இறங்கி வருவான், காதில் ஹெட்போனோடு. பாட்டியின் பதவிக்காலம் அன்றோடு முடிந்தது.

காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை வீடு காலி. கன்னடமோ இந்தியோ வராதவருக்கு லிஃப்டில் சிரிப்பு மட்டும்தான் மொழி. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு இலவசப் பேருந்து உண்டு, ஆனால் அது கர்நாடக முகவரிச் சான்று உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டு ஆதாரோடு இருப்பவர் டிக்கெட் எடுக்க வேண்டும். காசு சின்னது, ஊரில் தான் விருந்தாளி என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவது பெரியது. பிள்ளைக்கு வேலை மாறி ஹைதராபாத் போனால் சேர்த்த பழக்கம் அத்தனையும் அங்கேயே நிற்கும். அமெரிக்கா என்றால் விசிட்டர் விசாவில் வழக்கமாக ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். அதை வாழும் இடமாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

பெங்களூரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், அதே வளாகத்தில் வேறு டவரில் தனியாக ஓர் ஒற்றைப் படுக்கையறை வீடு வாடகைக்கு எடுப்பது இரண்டு பக்கமும் நிம்மதி. தன் வீட்டுக்கு ஒருவரை நாலு மணிக்குக் காப்பிக்குக் கூப்பிட முடியும். பிள்ளை வீட்டுக் கூடத்தில், மருமகள் ஜூம் மீட்டிங்கில் இருக்கும்போது, யாரைக் கூப்பிடுவது?

வாங்குவதற்கு முன் பதினைந்து நாள்

கோவை என்று மனம் சாய்ந்தால் உடனே வாங்க வேண்டாம், சென்னை வீட்டை விற்கவும் வேண்டாம். கெஸ்ட் ரூமிலோ வாடகை வீட்டிலோ பதினைந்து நாள் இருந்து பாருங்கள். மூன்று நாள் போதாது. முதல் மூன்று நாள் எல்லோரும் விசாரிப்பார்கள், புது முகத்துக்கு அந்த மரியாதை எங்கும் கிடைக்கும். ஐந்தாம் நாளுக்கு மேல் யார் பேசுகிறார்கள் என்பதே விஷயம். பண்டிகை நாட்களிலும், பேரக்குழந்தைகள் நிறைந்திருக்கும் மே மாதத்திலும் போக வேண்டாம். அப்போது எந்த இடமும் கலகலப்பு. ஜூலையிலோ பிப்ரவரியிலோ போனால் சாதாரண நாள் தெரியும். கணவனும் மனைவியும் போனாலும், இரண்டு நாளாவது ஒருவர் மட்டும் தனியாகக் கூடத்துக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். தட்டோடு நிற்கும் ஒற்றை ஆளை "இங்க வாங்க, உக்காருங்க" என்று எத்தனை மேசை கூப்பிடுகிறது? இந்த ஒரு சோதனையைவிடப் பெரிய சோதனை இல்லை.

அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். எல்லாம் நிர்வாகம் அச்சடித்து ஒட்டியதாக இருந்தால், நிகழ்ச்சி மேலாளர் மாறினால் நின்றுவிடும். "வியாழன் 11 மணி, திருப்புகழ் வகுப்பு, பி பிளாக் மாடி" என்று யாரோ பேனாவால் எழுதியது நாலைந்து இருந்தால் ஆட்கள் தாங்களாக நடத்துகிறார்கள் என்று அர்த்தம். இந்த வாரம் யார் வீட்டுக்காவது போனீர்களா என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். கூடத்தில் மட்டும் பழகி, ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காத இடங்கள் உண்டு.

படுக்கையானவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தால் அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கிருப்பவர்களைச் சக்கர நாற்காலியில் பொதுக் கூடத்துக்குக் கூட்டிவருகிறார்களா, உதவிக்கு வரும் அட்டெண்டர் கூடவே உட்கார்ந்து சாப்பிட அனுமதி உண்டா? இல்லையென்றால் அந்தப் பிரிவுக்கு மாறும் நாளோடு நாலு வருஷ நட்பு முடிந்துவிடும், நூறு அடி தூரத்தில்.

பதினைந்து நாள் பிடித்திருந்தால் ஒரு வருஷம் வாடகை. அதற்குப் பிறகுதான் விலை பேச்சு.

முதல் மூன்று மாதம்

போனவுடன் செய்யும் தவறு வீட்டுக்குள் சமையலறையை ஜோடிப்பது. முதல் மூன்று மாதம் கேரியர் வேண்டாம், மூன்று வேளையும் கூடம். சாப்பாடு பிடிக்காமல் போனாலும், ஊறுகாய் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாவது போங்கள். ஊறுகாய் நல்ல அறிமுகக் கடிதம். முதல் மாதம் ஒரே நேரத்துக்குப் போய், மேசையை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து பிடித்த மேசையில் நிலையுங்கள்.

பொழுதுபோக்கைவிட ஒரு சின்னப் பொறுப்பு ஆட்களைச் சேர்க்கும். கோயிலுக்குப் பூப் பறிப்பது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, கேட் வாட்ச்மேனின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. யோகா வகுப்புக்கு ஒரு நாள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது, பூ வராவிட்டால் "என்னாச்சு மாமி?" என்று கதவைத் தட்டுவார்கள். ஆனால் அசோசியேஷன் கமிட்டியில் முதல் ஆறு மாதம் சேர வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும். எந்தக் கட்சி என்று தெரியாமலே ஒரு கட்சி ஆகிவிடுவீர்கள். கைமாற்றுப் பணமும் கொடுக்க வேண்டாம்.

வெளியூர்ப் பழைய நண்பர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி என்று குறித்துக்கொண்டு போன் செய்யுங்கள். குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்புவது இதில் சேராது. அப்பா, அம்மா இருவரும் இருக்கும்போதே, இருவருக்கும் தனித்தனியாக ஒரு வட்டமாவது இருக்க வேண்டும்: அவருக்கு ரம்மி, இவருக்குப் பாட்டு வகுப்பு. எல்லா இடத்துக்கும் ஜோடியாகவே போகும் தம்பதியைத்தான் ஊரே மெச்சும். பிற்பாடு சிரமப்படுபவர்களும் அவர்கள்தான்.

ஒப்பந்தத்தில் மிஞ்சுபவர்

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டுதலை வெளியிட்டது. வாங்குபவர், கட்டியவர், சேவை நடத்துபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தத்தை அது பரிந்துரைக்கிறது. நீங்கள் பார்க்கும் இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தை நடத்துபவர் விலகினால் யார் பொறுப்பு என்பது அதில்தான் வரும்; கூடம் நின்றால் மேலே சொன்ன மணிக்கணக்கு எல்லாம் பொய்.

குத்தகை, டெபாசிட் முறை என்றால் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் போனபின் மாதக் கட்டணம் ஒரு ஆளுக்கு எவ்வளவு குறையும் என்பதும் எண்ணாக எழுதப்பட வேண்டும். சில இடங்களில் சாப்பாட்டுக் காசு மட்டும்தான் குறையும். பேரக்குழந்தைகள் வருஷத்தில் எத்தனை நாள் தங்கலாம், கெஸ்ட் ரூம் எத்தனை உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் வரும் ஒரு வாரத்தில் எல்லா அறையும் நிரம்பியிருந்தால், அவள் ஊருக்குள் ஹோட்டலில் தங்கி மாலையில் இரண்டு மணி நேரம் வந்து போவாள்.

கடைசியாக ஒரு கேள்வி. யாரும் கேட்பதில்லை, விற்பனை அலுவலகத்திலும் உடனே பதில் இருக்காது: தனியாகிவிட்ட அம்மாவோடு அவருடைய தங்கையோ, கணவனில்லாத பள்ளித் தோழியோ நிரந்தரமாக வந்து தங்கலாமா? உரிமையாளரும் துணைவரும் மட்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். வயதுத் தகுதி உள்ள இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி கேட்டு வாங்குவதற்கு நல்ல நேரம், முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாள்.